எடையா, வேகமா?

தண்ணீர் முறை ஒருவனுக்கு என்றால் அன்றைக்கு அக்கவுண்டு மற்றவனுக்கு. இந்தச் சட்டத்தை இனியனும் சசிதரனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அப்படி உட்கார்ந்து பேசுகிற உறவு மிச்சம் இருந்திருந்தால் சட்டமே வேண்டியிருக்காது.

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் கிணறு. இனியனின் அப்பா பலவேசம் தம்பி. சசிதரனின் அப்பா ராக்கப்பன் அண்ணன். நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், பித்தளைப் பாத்திரங்களைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. நடுவில் சுவர் வைத்தா பிரிப்பது? அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்கு ஒருவர் மோட்டாரை நிறுத்துவார், அடுத்தவர் போடுவார். மறுநாள் காலை ஆறு வரைக்கும் தண்ணீர் அவருடையது. முப்பது வருடம் இது ஒரு வம்பும் இல்லாமல் ஓடியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் போனது. அன்று ராக்கப்பன் முறை. நாள் முழுக்கக் கரண்டு இல்லை, வாழை வாடி நின்றது. மறுநாள் விடிகாலையில் கரண்டு வந்ததும் ராக்கப்பன் மோட்டார் ரூமை விட்டு நகரவில்லை. "நேத்து எனக்குச் சொட்டுத் தண்ணி கெடைக்கல. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் பாச்சிக்கிறேன்" என்றார். "கரண்டு போனது என் குத்தமா? முறைன்னா முறைதான்" என்றார் பலவேசம். நியாயம் யார் பக்கம் என்று டீக்கடையில் கேட்டால் இன்றைக்கும் பெஞ்சில் பாதிப்பேர் ஒரு பக்கம், பாதிப்பேர் மறுபக்கம். வார்த்தை தடித்தது. அண்ணன் தம்பியின் பிறப்பை இழுத்தார், தம்பி அண்ணனின் பிறப்பை இழுத்தார். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் நின்றது.

அப்பன்மார் பேசவில்லை என்றால் பிள்ளைகளும் பேசக்கூடாது. அது அந்தப் பக்கத்து வழக்கம். இனியன், சசியைவிட ஆறு மாதம் இளையவன். ஒரே பள்ளிக்கூடம், தேனியில் ஒரே பாலிடெக்னிக், ஒரே அறை. அந்த அறையில்தான், கண்ணாடி விரிசல் விட்ட ஒரே போனில், 'டஸ்க் ஃபோர்ட்' என்கிற ஆன்லைன் சண்டை விளையாட்டில் ஒரு அக்கவுண்டு தொடங்கினார்கள். ஐந்து பேர் கூட்டணி சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டு, கதவை உடைத்து, உள்ளே இருப்பவர்களை முடிக்க வேண்டும். ஆயுதங்களை நிலை நிலையாக உயர்த்துவதற்குக் கல் வேண்டும். அந்தக் கல் லேசில் கிடைக்காது. ஏழு வருடமாக இரண்டு பேரும் பொறுக்கிச் சேர்த்ததில் ஒரு நெடுவில்லும் ஒரு இரட்டைக்கைக் கோடாலியும் ஒன்பதாம் நிலைக்கு வந்திருந்தன. வில் இனியனுடையது, கோடாலி சசியுடையது. ஆனால் அக்கவுண்டு ஒன்றுதான். கிணறு மாதிரியே அதையும் பிரிக்க முடியாது.

சண்டை நடந்த அன்று சாயங்காலம் சசியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "தண்ணி உங்களுக்குன்னா அக்கவுண்டு எனக்கு. தண்ணி எங்களுக்குன்னா உனக்கு." தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்குப் போனை நோண்ட நேரம் ஏது? யோசித்துப் பார்த்தால் சரியான ஏற்பாடு. இனியன் "சரி" என்று அனுப்பினான். அதுதான் அவர்களுக்குள் போன கடைசி வார்த்தை.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் ஒருவனும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. ஒருவனும் மற்றவன் நாளில் உள்ளே போகவில்லை. இன்னொன்றும் நடந்தது. முதல் வாரமே இனியன் உள்ளே போனபோது அம்பறாத்தூணி நிறைய அம்பு இருந்தது. முந்தைய நாள் சசி ஆடி முடித்துவிட்டு நிரப்பி வைத்திருக்கிறான். கோடாலி ஆடுகிறவனுக்கு அம்பு எதற்கு? இனியன் பதிலுக்கு அன்று வெளியேறுமுன் கோடாலியைப் பட்டறையில் கொடுத்துக் கூர் தீட்டி வைத்தான். மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகிறவன் அடுத்தவனுக்குக் குழாயில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவான் இல்லையா, அதுபோல. அது இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. ஊருக்கு அவர்கள் எதிரிகள். அக்கவுண்டுக்குள் ஒருவன் இன்னொருவனுக்குக் கூர் தீட்டிக்கொண்டிருந்தான்.

போன தை மாதம் சசிக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலில் கல்யாணம். இனியன் வீட்டில் யாரும் போகவில்லை. மறுநாள் அக்கவுண்டைத் திறந்தால் முந்தின நாள் யாரும் ஆடியிருக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை எங்கே ஆடுவான்? ஆனால் அம்பு நிறைந்திருந்தது. தாலி கட்டின நாளில் எந்த நேரத்தில் அதைச் செய்தானோ தெரியாது. அன்றைக்கு இனியன் ஆடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திராட்சைப் பந்தலுக்குள் போய் வெகு நேரம் சும்மா நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. மருந்து அடித்த பந்தலுக்குள் நின்றதால் கண் எரிகிறது என்று அம்மா பிச்சையம்மாளிடம் சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில் விளையாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. புதன்கிழமை காலை ஆறு மணி முதல் இரவு வரை எல்லா உயர்வுகளுக்கும் பாதிக் கல் போதும். ஒன்பதாம் நிலையிலிருந்து பத்துக்குப் போக நானூறு கல் வேண்டும். இவர்களிடம் இருந்தது இருநூற்றுப் பத்து. பாதி என்றால் இருநூறு. ஆக, ஓர் ஆயுதத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகலாம், ஒன்றே ஒன்றை. அந்த நாளை விட்டால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

கூட்டணித் தலைவர் வினோத்ராஜ். போடி பஜாரில் அவருக்கு ஏலக்காய்க் கடை. நாற்பது வயசு, ஞாயிறு காலை தேவாலயம், ஞாயிறு சாயங்காலம் கோட்டை முற்றுகை. இந்த இரண்டையும் அவர் தவற விட்டதில்லை. அவருக்கு அந்த அக்கவுண்டுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஆள். ஒரு நாள் வில்லெடுக்கும், ஒரு நாள் கோடாலி எடுக்கும், கொஞ்சம் கோட்டி பிடித்த ஆள். இனியனின் போன் நம்பர்தான் அவரிடம் இருந்தது.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய கோட்டை. பத்தாம் நிலை ஆயுதம் இல்லாத ஆள நான் கூட்டிட்டுப் போக முடியாது" என்று திங்கள்கிழமையே சொல்லிவிட்டார். "கம்பத்துல ஒருத்தர் ரெடியா நிக்கிறாரு. நீங்க ஏத்தலன்னா அவரத்தான் சேக்கணும். மனசுல வச்சுக்கிடாதீங்க."

புதன்கிழமை தண்ணீர் முறை இனியன் வீட்டுக்கு. அக்கவுண்டு சசிக்கு. ஞாயிற்றுக்கிழமையும் எண்ணிப் பார்த்தால் சசி நாள்தான். சசி தன் நாளில் தன் கோடாலியை ஏற்றிக்கொள்வான், ஞாயிறன்று அவனே ஆடுவான், அக்கவுண்டுக்குக் கூட்டணியில் இடம் நிற்கும். இனியனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. யார் ஆடினால் என்ன, இடம் நின்றால் போதும்.

ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? பாதிக் கல் என்றதும் நாடு முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்தார்கள்; புதன் காலை ஆறு மணிக்கே சர்வர் படுத்துவிட்டது. மத்தியானம் எழவில்லை, சாயங்காலம் எழவில்லை. இனியன் வாய்க்காலில் நின்றுகொண்டு மம்பட்டியை ஊன்றியபடியே போனில் வருகிற புலம்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு எழுதியது. மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் சர்வர் எழும். தடங்கலுக்கு ஈடாக, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாதிக் கல் சலுகை நீடிக்கும்.

இனியன் அதை இரண்டு தரம் படித்தான். வியாழக்கிழமை அவன் நாள்.

மம்பட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். சசிக்கு இன்று கிடைக்க வேண்டிய நாள், கிடைக்கவில்லை. அதற்கு ஈடாக நீட்டிக் கொடுத்த நேரம் வந்து இனியன் முறையில் விழுந்திருக்கிறது. அப்படியானால் அந்த நேரம் யாருக்கு? நீட்டிக் கொடுத்தது இழந்தவனுக்காக என்றால் சசிக்கு. முறைன்னா முறைதான் என்றால் இனியனுக்கு. இது தன் வீட்டில் இரண்டு வருடமாகச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படுகிற கேள்விதான் என்பது அவனுக்கு மெதுவாக உறைத்தது. அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைச் சொல்லுவார். இனியனும் தலையாட்டுவான். அப்பா சொல்வது நியாயம் என்றே அதுவரை நினைத்திருந்தான். இப்போது தன் கைக்கு வந்தபோது அது நியாயமாகத் தெரியவில்லை, அசிங்கமாகத் தெரிந்தது.

இனியனுக்கு இருந்த பயம் ஒன்றுதான். இருநூறு கல்லையும் அள்ளித் தன் வில்லுக்குப் போட்டுக்கொண்டால் சசி ஒன்றும் சொல்ல மாட்டான். சண்டைக்கு வர மாட்டான். அடுத்த நாளிலிருந்து அம்பு நிறைந்திருக்காது, அவ்வளவுதான். அவன் அந்தப் பக்கமே வர மாட்டான். முழு அக்கவுண்டும் இனியனுக்கே ஆகிவிடும், பெரியப்பா மகன் என்று ஒருவன் இருந்தான் என்பதும் அத்தோடு முடிந்துவிடும். சசியை இழக்க அவனுக்கு மனசில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்கு மோட்டார் ரூம். சசி தன் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். தண்ணீர் பாய்கிற நாளில் வரப்புப் புல்லை மேயட்டும் என்று அதைக் கூட்டி வருவது அவன் பழக்கம். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. பேசாத பங்காளிகள் ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தால் சாடை பேசுவார்கள். மரத்தைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்லுவார்கள், கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான்.

இனியன் தன் மொபெட்டின் சீட்டைத் துடைத்துக்கொண்டே அதனிடம் சொன்னான். "நேத்து எடுக்க முடியாதவுக இன்னைக்கு எடுத்துக்கிடலாம். நாங்க இன்னைக்கு உள்ள போகப்போறதில்ல."

சசி ஸ்டார்ட்டரை அழுத்தினான். மோட்டார் பிடித்துத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. பிறகு ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தபடி ஆட்டிடம் சொன்னான். "அடுத்தவுக முறையில கைய வைக்கிற பழக்கம் நமக்கு இல்லன்னு சொல்லிரு. ஏற்கனவே அந்தப் பேரு வாங்கினது போதும்."

ஆடு புல்லைத் தின்றது. இனியன் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. அப்பன்மார் இரண்டு பேரும் எனக்கு வேண்டும் என்று சண்டை போட்டார்கள். பிள்ளைகள் எனக்கு வேண்டாம் என்று சண்டை போடுகிறார்கள். எப்படிப் போட்டாலும் இந்தக் குடும்பத்துக்குச் சண்டைதான் வாய்த்திருக்கிறது.

பத்து மணிக்கு வினோத்ராஜ் கூப்பிட்டார். "ஏத்தியாச்சா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே."

"அட என்னய்யா! எதுக்குப் போடப் போறீங்க? ஞாயித்துக்கிழமை எதுல ஆடுவீங்க?"

"கோடாலிண்ணே."

"அப்ப கோடாலிக்குப் போடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க இருந்தது. அவர் சொன்னதுதான் நேர்வழி என்று இனியனுக்கும் பட்டது. தன் நாள்தானே, தானே உள்ளே போய் இருநூறு கல்லையும் சசியின் கோடாலிக்குப் போட்டுவிட்டால் என்ன? அவனும் வாங்கினான் என்று ஆகாது, இவனும் பறித்தான் என்று ஆகாது. சந்தோஷமாக அக்கவுண்டைத் திறந்து பட்டறைக்குப் போய்க் கோடாலியை எடுத்துவைத்தான். அங்கேதான் சிக்கல் நின்றது. பத்தாம் நிலைக்குப் போகும்போது ஆயுதம் இரண்டு வழியில் ஒரு வழியைப் பிடிக்க வேண்டும். ஒன்று எடை, மற்றது வேகம். எடை என்றால் கோட்டைக் கதவு மூன்றே அடியில் பிளக்கும். ஆனால் ஓங்கி இறக்குவதற்குள் எதிராளி இரண்டு குத்துக் குத்திவிடுவான். வேகம் என்றால் கதவுக்கு ஏழெட்டு அடி வேண்டும். ஆனால் அடித்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம். ஒரு தரம் தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான். மாற்ற முடியாது.

வினோத்ராஜைக் கேட்டால் எடை என்பார். அவருக்குக் கதவு திறந்தால் போதும். கூட்டணியில் இன்னொருவர் வேகம் என்பார். அதையெல்லாம் கேட்டுப் பயனில்லை. எந்த ஆயுதத்துக்கும் எது நல்லது என்பது அதைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது. பாலிடெக்னிக் நாட்களில் சசி முன்பின் பார்க்காமல் பாய்கிறவன். அந்தச் சசிக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் இனியன் அவன் ஆடிப் பார்த்து இரண்டு வருடம் ஆயிற்று. பழைய ஆட்டங்களின் பதிவைத் திறந்து பார்த்தான். இப்போதெல்லாம் சசி வாங்குகிற அடி பாதியாகக் குறைந்திருந்தது. பதுங்குகிறானா? கல்யாணமானவன், பொறுமை வந்துவிட்டதா? இல்லை, கதவுக்குப் போகாமலே சுற்றி வருகிறானா? பதிவில் எண்கள் இருந்தன. ஆள் இல்லை.

ஒரு காலத்தில் சசி தூக்கத்தில் புரண்டால்கூட எந்தப் பக்கம் புரள்வான் என்று இனியனுக்குத் தெரியும். இப்போது எடையா வேகமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகிற சந்தேகம். அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்க முடியாது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. "ஏப்பா, மேலுக்குச் சரியில்லையா?" என்று பிச்சையம்மாள் கேட்டாள். அப்பா பலவேசம் திண்டுக்கல் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். அது ஒரு வகையில் நல்லது என்று இனியன் நினைத்தான். நான்கு மணி ஆனது, நாலரை ஆனது. ஐந்து மணிக்கு அவன் மொபெட்டை எடுத்தான்.

"இன்னைக்கு நம்ம முறை இல்லையே, எங்க கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"சும்மா, தோட்டம் வரைக்கும்" என்றான்.

சசி வாழைக்குள் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. ஆடு கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தது. இனியன் வரப்போடு நடந்து வந்து அவனுக்கு நான்கடி தள்ளி நின்றான். இரண்டு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. சசிக்கு முன்நெற்றியில் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. அதைக்கூட இன்றுதான் பார்த்தான்.

போனை நீட்டினான். பட்டறைத் திரையில் கோடாலி நின்றது, கீழே இரண்டு கட்டம்.

"எடையா, வேகமா?"

சசி திரும்பி ஆட்டைப் பார்த்தான். "முறை அவுகளது. அவுக வில்லுக்கே போட்டுக்கிடட்டும்னு சொல்லு."

"ஆட்டுக்கிட்ட கேக்கலடா. உன்கிட்ட கேக்குறேன்."

மம்பட்டி அந்தரத்தில் நின்றது. சசி நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தான்.

"ஏலே, இன்னைக்கு உன் நாளு."

"நேத்து உன் நாளு. சர்வர் படுத்துருச்சு. அதுக்குத்தான இன்னைக்கு நீட்டிக் குடுத்திருக்கான்? இது உனக்குள்ள நேரம்."

"அப்படின்னா எங்கப்பா அன்னைக்குக் கேட்டதும் நியாயம்னு ஆகிப்போகும்ல?"

"நியாயந்தான்."

"இத உங்கப்பாகிட்டப் போயிச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். செருப்பக் கழட்டிருவாக."

சசிக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது, அடக்கிக்கொண்டான். "நான் எடுக்க மாட்டேன்டா. எங்கப்பா பேசுனது எனக்கே பிடிக்கல. இன்னைக்கு நானும் அதையே செஞ்சா, அப்பனப் போலப் புள்ளன்னு நீ நெனப்ப."

"நான் எப்பலே அப்படி நெனச்சேன்?"

"நீ என்ன நெனச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருசமா வாயத் தொறந்தியா நீ?"

"நீ தொறந்தியா? ஆறு மாசம் மூத்தவன் நீதான. நீ ஒரு வார்த்த கூப்புட்டா நான் வந்திருக்க மாட்டேனா?"

"கூப்புடணுமா? என் கல்யாணத்துக்கு உன்னக் கூப்புட்டாத்தான் வருவியா?"

"பத்திரிக்க வச்சியா எனக்கு?"

"உனக்கு நான் பத்திரிக்க வைக்கணுமாடா பொசகெட்ட பயலே!" சசி மம்பட்டியைச் சேற்றில் ஓங்கிக் குத்தினான். "மாப்பிள்ளத் தோழனா நிக்க வேண்டியவன் நீ. அன்னைக்கு எம் பக்கத்துல யார நிக்க வச்சாக தெரியுமா? யாரோ தூரத்து மாமன் மகன, லோயர் கேம்ப் ஊர்க்காரன. பேரு கூடச் சரியாத் தெரியாது எனக்கு. நான் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன். ஐயரு மந்திரம் சொல்றாரு, நான் வாசலப் பாக்குறேன். பொண்ணு வீட்டுக்காரவுக என்னடா மாப்பிள்ள ஓடிப்போகப் போறானான்னு பயந்துட்டாக."

இனியன் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். "வந்தேன்டா."

"எங்க வந்த?"

"வீரபாண்டி ஆத்துப் பாலம் வரைக்கும் வந்தேன். புதுச் சட்ட போட்டுத்தான் வந்தேன். பாலத்துல நின்னுக்கிட்டே இருந்தேன். மேளச்சத்தம் கேட்டுச்சு. கெட்டிமேளம் கேட்டதும் திரும்பிட்டேன்."

"ஏன்டா வரல?"

"உள்ள வந்தா பெரியப்பா எல்லாரு முன்னாலயும் ஏதாச்சும் சொல்லிருவாகளோன்னு பயந்தேன்."

"எங்கப்பாவா?" சசியின் குரல் உடைந்தது. "எங்கப்பா அன்னைக்கு ரெண்டு வாட்டி கேட்டாக. தம்பி மகன் வந்திருக்கானான்னு. வெக்கத்த விட்டு என்கிட்டயே கேட்டாக."

இனியன் கையில் இருந்த போன் நனைந்தது. மூக்கை உறிஞ்சினான். சசி முகத்தைத் துடைக்கப் போய்க் கன்னத்தில் சேற்றை இழுவிக்கொண்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டினார்கள். பாலிடெக்னிக்கில் தொலைத்த செருப்பிலிருந்து ஆரம்பித்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் வரிசையில்லாமல் சொல்லித் திட்டினார்கள். இடையில் சசியின் மனைவிக்கு ஐந்து மாதம் என்பது வந்தது. இனியனின் தங்கை ஹேமாவதிக்குத் தேனியில் வேலை கிடைத்தது வந்தது. இனியனுக்குப் பெண் பார்த்து ஒத்து வராமல் போனதும் வந்தது, அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. மாற்றாமல் விட்ட மடையில் தண்ணீர் பொங்கி, ஒரு வரிசை வாழை முழுக்க வரப்புக்கு மேலே வழிந்து ஓடியது. ஆடு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கத்தியது. அது கத்திய பிறகுதான் சசி பாய்ந்துபோய் மடையை அடைத்தான்.

திரும்பி வந்தவன் போனை எட்டிப் பார்த்தான். "டேய், மணி என்ன?"

ஆறு பதினொன்று. திரையில் கோடாலிக்குக் கீழே நானூறு கல் என்று காட்டியது. கையில் இருப்பது இருநூற்றுப் பத்துதான் என்று பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு வருடத்துக் கல் அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை இடம் போயிற்று. இனியன் தனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது, அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போனது போச்சு. சும்மா தெரிஞ்சுக்கிடத்தான் கேக்குறேன்" என்றான். "எடையா, வேகமா? எதப் போட்டிருப்ப?"

சசி வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்தான்.

"எனக்கும் தெரியலடா. நேத்து சர்வர் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்ல, நாள் பூரா அதத்தான் யோசிச்சேன். எடன்னா பயமா இருந்துச்சு, வேகம்னா மனசு ஒப்பல. உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டா நீ சொல்லிருவன்னு நெனச்சேன். எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல."

இனியன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது, நகரவில்லை.

போன் அடித்தது. வினோத்ராஜ். இனியன் எடுக்குமுன் சசி அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, மணி ஆறு தாண்டிருச்சு. கோடாலிய ஏத்திட்டீங்கள்ல?"

"இல்லண்ணே. எதையும் ஏத்தல" என்றான் சசி.

"ஏத்தலையா? நாள் பூரா என்னய்யா பண்ணுனீங்க? இனிமே நான் கம்பத்துக்காரர்கிட்டதான் பேசணும்." பிறகு சந்தேகமாக, "குரலு வேற மாதிரி இருக்கு. யாரு பேசுறது?"

"நான்தாண்ணே கோடாலி."

"கோடாலியா? அப்ப இத்தன நாளா என்கிட்ட பேசுனது?"

"அது வில்லு."

"என்னய்யா சொல்றீங்க, ஒண்ணும் வெளங்கலையே. வில்லு எங்க?"

சசி திரும்பி இனியனைப் பார்த்தான். சேறு காய்ந்த கன்னத்தோடு ஒரு சிரிப்பு வந்தது அவனுக்கு, பாலிடெக்னிக் நாளில் வந்த அதே சிரிப்பு.

"இங்கனதான்ணே, எம் பக்கத்துல உக்காந்திருக்கான்" என்றான்.